அப்பாவின் பஞ்சப்படியும் அம்மாவின் குறியீட்டு எண்ணும்

கேள்வி: வணக்கம் அம்மா. தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். அரசுக் கல்லூரியில் எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி, கல்லூரி எல்லாம் தமிழ் வழிதான். தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் இருந்தவர். அப்பா துறைமுகத்துக்குள் ஒரு காண்ட்ராக்டரிடம் ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். அம்மா வேலைக்குப் போகவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து வரும் சட்டைகளுக்கு வீட்டிலேயே பிசிறு வெட்டி, பொத்தான் தைத்துக் கொடுப்பார். எனக்குத் தொழிலாளர் பொருளியலில் ஆசை. பேராசிரியர் ஆவதா, அரசுப் பணிக்குப் போவதா என்று தெரியவில்லை. ஆங்கிலம் தடுமாறுகிறது. அப்பாவோ, "நாங்கள் படும் பாட்டைப் படிப்பதற்கு ஒரு டிகிரியா? அதற்குச் சம்பளம் வேறு கொடுப்பார்களா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? சொந்தமாக லேப்டாப் இல்லாமல் இந்தத் துறையில் காலூன்ற முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பாவின் கேள்வியில் இருந்துதான் தொடங்க வேண்டும். கடிதத்தில் உள்ள கேள்விகளில் கனமானது அதுதான். "கொடுப்பார்கள். அப்படிச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் போடுகிற கணக்கில்தான் உங்கள் கூலியின் ஒரு பகுதியே வருகிறது" என்று அவரிடம் சொல்லுங்கள்.

அவர் துறைமுகத்துக்குள் வேலை செய்வதால், அவருடைய குறைந்தபட்ச ஊதியம் மத்திய அரசின் வரம்புக்குள் வருகிறது. அந்த ஊதியத்தில் அடிப்படைக்கு மேல் மாறும் அகவிலைப்படி ஒன்று உண்டு. உங்கள் தாத்தா இருந்திருந்தால் அதைப் பஞ்சப்படி என்றிருப்பார். மில்காரர்கள் வாயில் அந்தச் சொல்தான் வரும், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு இரண்டு முறை அது திருத்தப்படுகிறது. காண்ட்ராக்டர் அதை ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்பது வேறு வழக்கு. ஆனால் எவ்வளவு கூட வேண்டும் என்று தீர்மானிப்பது தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண். அதைக் கணக்கிடுவது 1946-ல் தொடங்கப்பட்ட லேபர் பீரோ. சிம்லாவிலும் சண்டிகரிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நாடு முழுவதும் 88 மையங்களில் அரிசி, பருப்பு, வாடகை, பஸ் கட்டணம் என்று விலை எடுக்கப்படுகிறது. எந்தக் குடும்பங்களின் செலவுக் கணக்கை வைத்து இந்த எண் செய்யப்படுகிறதோ, அந்த ஏழு துறைகளில் துறைமுகமும் ஒன்று.

2020 அக்டோபரில் இந்தக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2001-ல் இருந்து 2016-க்கு மாற்றப்பட்டது. அப்போது உணவுக்கான எடை, அதாவது குடும்பச் செலவில் உணவுக்குப் போகும் பங்கு, 46.2 சதவீதத்தில் இருந்து 39.17 சதவீதமாக இறங்கியது. மளிகைச் சாமான் விலை ஒட்டுமொத்தமாகப் பத்து சதவீதம் ஏறினால், பழைய கணக்கில் குறியீட்டெண் 4.6 சதவீதம் ஏறியிருக்கும். புதிய கணக்கில் 3.9 தான். யாரும் ஏமாற்றவில்லை. வருமானம் கூடினால் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்பது பொருளியலின் பழைய பாடம். சராசரித் தொழிலாளர் குடும்பத்தில் அது குறைந்திருக்கிறது. ஆனால் சராசரிக்குள் நிரந்தர வேலைக்காரரும் இருக்கிறார், உங்கள் அப்பாவும் இருக்கிறார். உங்கள் வீட்டில் மொத்தச் செலவில் எத்தனை சதவீதம் சாப்பாட்டுக்குப் போகிறது? ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். 39-க்கு வெகு மேலே இருந்தால், உங்கள் வீட்டுப் பஞ்சம் அப்பாவின் பஞ்சப்படியில் முழுதாக இறங்கவில்லை என்று அர்த்தம். ஆளைத் தேர்ந்தெடுப்பது, விலையை எடுப்பது, எடையைப் போடுவது, போட்ட எடை சரியா என்று சண்டை பிடிப்பது, இவ்வளவும்தான் தொழிலாளர் பொருளியலாளர் வேலை. முதல் மூன்றும் அரசுக்குள் நடக்கின்றன. சண்டை பெரும்பாலும் வெளியில் இருந்து வருகிறது.

இனி உங்களை ஒரு பிழைக்காகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. "அம்மா வேலைக்குப் போகவில்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவர் பிசிறு வெட்டுகிறார், பொத்தான் தைக்கிறார் என்கிறீர்கள். எம்.ஏ. பொருளியல் படிக்கிற மகளே இப்படி எழுதினால், கணக்கெடுக்க வருகிறவர் என்ன எழுதுவார்?

பி.எல்.எஃப்.எஸ். என்று சொல்லப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017-ல் தொடங்கியது. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், செய்யும் வேலையைப் பொறுத்து, அதில் ஒரு குறியீட்டு எண் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு 31. தினக்கூலிக்கு 51. குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் உதவுபவருக்கு 21. சொந்தக் கணக்கில் தொழில் செய்பவருக்கு 11. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92. வாசலில் நின்று "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால் உங்கள் அம்மா என்ன சொல்வார்? "சும்மாதான் இருக்கிறேன்." உடனே 92. கேட்கிறவர் உள்ளே எட்டிப் பார்த்து, மூலையில் கிடக்கும் சட்டை மூட்டையைக் கண்டு, "இது யாருடையது, உருப்படிக்கு எவ்வளவு?" என்று இன்னொரு கேள்வி கேட்டால் 11. அந்த ஒரு கேள்வியில் ஒரு பெண் நாட்டின் உழைப்பாளர் படைக்குள் வந்துவிடுகிறார். வியாசர்பாடிச் சந்துகளில் நான் ஒரு கணக்கெடுப்பை மேற்பார்த்தபோது, மதியம் மூன்று மணிக்குக் கேட்ட கேள்விக்கும் காலை ஏழு மணிக்குக் கேட்ட கேள்விக்கும் ஒரே வீட்டில் வெவ்வேறு பதில் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். காலையில் மூட்டை இன்னும் வந்திருக்காது.

15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7 சதவீதம் என்கிறது அதே கணக்கெடுப்பு. கிராமங்களில்தான் பெரிய பாய்ச்சல். நகரங்களில் 20.4-ல் இருந்து 28. கூடுதலாக வந்தவர்களில் பெரும்பாலோர் 11-லும் 21-லும் இருக்கிறார்கள். பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தார்களா, வருமானம் போதாமல் தள்ளப்பட்டார்களா, எப்போதும் செய்த வேலை இப்போதுதான் எண்ணப்படுகிறதா என்று பொருளியலாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் உங்கள் அம்மா சுயதொழில் செய்பவர். விலையை அவர் வைப்பதில்லை, துணி அவருடையதில்லை, நாளைக்கு மூட்டை வருமா என்பதும் அவர் கையில் இல்லை. ஆனாலும் சுயதொழில்! இந்த முரண்பாட்டைப் பார்த்துக் கோபம் வருகிறவர்தான் இந்தத் துறைக்கு லாயக்கு. உங்களுக்கு வந்ததா என்று தெரியவில்லை. கடிதத்தில் அது இல்லை.

சரி, பேராசிரியரா, அரசுப் பணியா?

அமெரிக்காவில் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. ஆலன் க்ரூகர் என்பவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். அவரும் பொருளியலாளர் டேவிட் கார்டும் 1992-ல் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரில் இருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, அங்கேயும், கூலி உயராத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் இருந்த 410 துரித உணவுக் கடைகளை முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். கூலி ஏறினால் வேலை போகும் என்று பாடப்புத்தகம் சொன்னது. கடைகளில் அப்படி நடக்கவில்லை. சண்டை முப்பது ஆண்டுகளாக ஓயவில்லை. க்ரூகர் 1994-ல் தொழிலாளர் அமைச்சகத்தின் தலைமைப் பொருளியலாளராகப் போனார், திரும்பினார். 2009-ல் நிதி அமைச்சகத்துக்குப் போனார். 2011 முதல் 2013 வரை அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்குத் தலைவராக இருந்தார், மறுபடி வகுப்பறைக்கு வந்தார். 2019-ல் இறந்துபோனார். 2021-ல் கார்டுக்கு நோபல் கிடைத்தது. இறந்தவருக்கு அந்தப் பரிசு கிடையாது.

நம் ஊரில் அந்தக் கதவு சாதாரண ஆட்களுக்குத் திறப்பதில்லை. பெயர் பெற்ற பேராசிரியரைக் குழுவுக்குக் கூப்பிடுவார்கள், ஆணையத்தில் உறுப்பினராக்குவார்கள். மற்றவர்கள் முதலில் எந்த வாசலில் நுழைகிறோமோ அந்த வீட்டிலேயே ஓய்வு பெறுவதுதான் வழக்கம். நான் கல்லூரியில் 11 ஆண்டுகள், பிறகு அயற்பணியில் ஓர் அரசு அலுவலகத்தில் 6 ஆண்டுகள், மறுபடி பல்கலைக்கழகம் என்று அலைந்தவள். விதிவிலக்கு. அதனால்தான் இரண்டு வீட்டின் சமையலறையும் தெரியும்.

அரசுக்குள் தரவு இருக்கும், வாய் இருக்காது. நடத்தை விதிகளின்படி அரசு ஊழியர் அரசின் கொள்கையைப் பொதுவெளியில் குறைகூற முடியாது. நாங்கள் வீட்டில் இருந்தே வேலை செய்யும் பெண்களின் உருப்படிக் கூலியைப் பற்றி ஓர் ஆய்வு செய்தோம். வரைவில் அது அத்தியாயம் 4. மேலே போய்த் திரும்பி வந்தபோது இணைப்பு 7. அச்சாகி வந்தபோது இணைப்புகள் ஆறுதான் இருந்தன. யாரும் எதையும் மறுக்கவில்லை, யாரும் யாரையும் திட்டவும் இல்லை. பக்க எண் மட்டும் மாறியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பிறகு, நானே தெருத்தெருவாக அலைந்து சேகரித்த அந்தப் படிவங்களைக் கேட்டு மூன்று முறை கடிதம் எழுதினேன். பதில் இன்று வரை வரவில்லை.

இதைவிடப் பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. பி.எல்.எஃப்.எஸ். கணக்கெடுப்பின் முதல் அறிக்கை தயாரான பிறகும் வெளிவராமல் இருந்தது. 2019 ஜனவரியில் தேசிய புள்ளியியல் ஆணையத்தில் இருந்து பி.சி. மோகனன், ஜே.வி. மீனாட்சி ஆகிய இருவரும் விலகினார்கள். அறிக்கை மே மாதக் கடைசியில், தேர்தல் முடிந்த பிறகு வந்தது. வேலையின்மை 6.1 சதவீதம். மோகனன் புள்ளியியல் பணியில் இருந்து வந்தவர், மீனாட்சி பொருளியல் பேராசிரியர். இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து வெளியேறிய அந்த நாளை என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன்.

பல்கலைக்கழகத்தில் நிலைமை தலைகீழ். வாய் இருக்கும், தரவு இருக்காது. இப்போதெல்லாம் வேலையும் இருப்பதில்லை. கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேறி, முனைவர் பட்டமும் வாங்கிவிட்டு, அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை உங்கள் கல்லூரியிலேயே பார்த்திருப்பீர்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் என்ற பாடத்தை ஓர் ஒப்பந்தத் தொழிலாளர் நடத்துகிறார். அவருடைய பெயருக்கு முன்னால் இருக்கும் "கௌரவ" என்ற சொல் எந்த நகைச்சுவையாளருக்கும் தோன்றாதது.

ஆகவே என் யோசனை இது. முதலில் அரசு வாசலில் முயலுங்கள். உங்கள் வீட்டுக்கு மாதச் சம்பளம் தேவை என்பது ஒரு காரணம். எண் எப்படிச் சமைக்கப்படுகிறது என்று உள்ளிருந்து பார்த்தவர்கள் பல்கலைக்கழகங்களில் குறைவு என்பது இன்னொரு காரணம். பணியில் இருந்துகொண்டே ஆய்வுப் பட்டத்துக்குப் போகலாம். பேராசிரியராக இருந்துகொண்டு களப்பணியைக் கற்றுக்கொள்வது அதைவிடக் கடினம்.

இந்தியப் பொருளாதாரப் பணி என்ற ஐ.இ.எஸ். தேர்வை மத்திய தேர்வாணையம் நடத்துகிறது. முதுகலைப் பொருளியல் போதும். வயது 21 முதல் 30 வரை. பிற்பட்டோருக்கு மூன்று ஆண்டும் பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து ஆண்டும் சலுகை. பொது ஆங்கிலமும் பொது அறிவும் தலா 100, பொருளியலில் நான்கு தாள்கள் தலா 200, நேர்முகத்துக்கு 200. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். லேபர் பீரோ, தொழிலாளர் அமைச்சகம், நிதி அமைச்சகம் என்று எங்கும் போடுவார்கள். இனி கசப்பான செய்திகள். இடங்கள் மிகக் குறைவு. 2024-ல் 18, 2025-ல் 12. விடைகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இரண்டு முறை எழுதுங்கள், அதிகம் போனால் மூன்று. ஆறு ஆண்டுகளை இதற்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதே பாடத்திட்டத்தை வைத்து நெட் தேர்வும் எழுதுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அப்பாவுக்குக் காட்ட அது ஒரு நல்ல எண். ஆய்வுக்கு அடையாறில் மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமான எம்.ஐ.டி.எஸ். இருக்கிறது. கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. கணிதத்தில் உங்களுக்குத் துணிவிருந்தால் இரண்டாவது, களப்பணியில் துணிவிருந்தால் முதலாவது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் புள்ளியியல் சார்நிலைப் பணிகளையும் விடாதீர்கள். எந்தப் பதவிக்குப் புள்ளியியல் பாடம் கேட்கிறார்கள் என்று அறிவிக்கையைக் கவனமாகப் படியுங்கள். தொடக்கத்தில் இருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநிலப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. கடிதத்தில் நீங்கள் குறையாகச் சொன்ன தமிழ் வழி அங்கே பலம்.

ஆங்கிலத்துக்குப் பயிற்சி மையத்தில் பணத்தைக் கொட்ட வேண்டாம். பி.எல்.எஃப்.எஸ். களப்பணியாளர்களுக்கான கையேட்டைத் தரவிறக்கி, தினம் இரண்டு பக்கம் அகராதியோடு படியுங்கள். அறிக்கையை எல்லோரும் படிக்கிறார்கள், கையேட்டை யாரும் தொடுவதில்லை. வறண்ட ஆங்கிலம்தான், ஆனால் நீங்கள் எழுத வேண்டியதும் அந்த ஆங்கிலம்தான். கணக்கெடுப்பின் மூலத் தரவும் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசம்.

ஆய்வுத் தலைப்புக்கு வெளியூர் போக வேண்டாம். தாத்தாவின் மில் வாசலில் 1918-ல் பிறந்தது மெட்ராஸ் லேபர் யூனியன். அதன் தலைவர் பி.பி. வாடியா மீது கம்பெனி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியதால் எழுந்த கூச்சலில்தான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இதைப் பலர் எழுதிவிட்டார்கள். யாராவது எழுத வேண்டும் என்று நான் காத்திருப்பது வேறொன்று. 2011 அக்டோபரில், தூசு காரணமாக, உயர் நீதிமன்ற ஆணைப்படி சென்னைத் துறைமுகம் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதை நிறுத்தியது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரம் பக்கம் மூச்சுவிட்டது, நல்லது. நிலக்கரியை அள்ளிய கைகள் எங்கே போயின? எண்ணூருக்கா, கன்டெய்னர் பக்கமா, மீன்பிடித் துறைமுகத்துக்கா, வீட்டுக்கா? நிலக்கரியைத் தொட்ட தொழிலாளர் குழுவையும் தொடாத குழுவையும் 2011-க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், நியூ ஜெர்சிக்காரர்கள் செய்த அதே முறைதான். அவர்கள் கடைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். உங்களுக்கு அப்பாவின் கூட்டாளிகள் இருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுக்கு முந்தைய கூலியை நினைவில் இருந்து சொல்வார்கள், அதில் பிசகு இருக்கும். பி.எஃப். சீட்டு, பழைய கேட் பாஸ் என்று எது கிடைத்தாலும் படம் எடுத்து வையுங்கள். இந்த ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் தேர்வை முடித்துவிட்டு வருவதற்குள் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள். அதனால் இதை மட்டும் இந்தக் கோடையிலேயே தொடங்குங்கள்.

கடைசியாக லேப்டாப். கடன் வாங்கி வாங்காதீர்கள். கல்லூரிக் கணினிக் கூடத்தில், புள்ளிவிவரக் கணக்குகளுக்கான "ஆர்" மென்பொருளை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம், அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கொளத்தூர் அகரத்தில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் உட்கார்ந்து படிக்க இடம் உண்டு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் தொலைவுதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனால் நாள் முழுக்க யாரும் எழுப்பமாட்டார்கள். சாப்பாட்டை வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு போங்கள்.